எழுதாமல் விட்ட ஆறாவது மருந்து

பிறந்து ஆறு நாளான பிள்ளையின் ரத்தத்தில் வளர்ந்த கிருமி அது. ஆய்வகத் தட்டில் பரப்பியிருந்த அதன்மேல் ஆறு மருந்து வில்லைகள். ஐந்தைச் சுற்றிக் கிருமி கூசாமல் வளர்ந்திருந்தது. ஆறாவதான அமிக்காசினைச் சுற்றி மட்டும் கிருமி செத்துத் தெளிவான வட்டம். ஆய்வக உதவியாளன் லுசுங்கு அளவுகோலை வைத்துப் பார்த்தான். இருபத்தொரு மில்லிமீட்டர்.

"அக்கா, இது ஒண்ணு கேக்குது. எழுதட்டுமா?"

முடிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவள் டெம்வானானி. மலாவி ஏரியோரத்து அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். சுவரில் ஒட்டியிருந்த மருந்தறைப் பட்டியலைப் பார்த்தாள். அமிக்காசின் இல்லை. மருந்தறையில் இல்லாததை முடிவுத்தாளில் எழுதுவதில்லை என்பது அங்கே வழக்கம். எழுதினால் பெற்றவர்கள் சோளத்தையும் ஆட்டையும் விற்றுவிட்டு டவுன் டவுனாக அலைவார்கள். நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். நல்ல எண்ணத்துக்கு அங்கே என்றைக்கும் குறைச்சலில்லை.

"பட்டியல் ஒண்ணாந்தேதி போட்டது அக்கா. இன்னிக்குப் பதினெட்டு. ஒரு போன் போட்டுக் கேக்கலாமே."

"அவங்க போனை எடுத்து நீ பாத்திருக்கியா? இன்னும் பதினாலு தட்டு கிடக்கு. உங்கப்பா வந்து படிப்பாரா?"

லுசுங்கு தாளில் அமிக்காசினை விட்டுவிட்டான். ஐந்து மருந்துக்கும் 'கேட்காது' என்று எழுதி நீட்டினான். அவள் கையெழுத்திட்டாள்.

இரண்டு நாள் கழித்து, கையுறை வாங்க மருந்தறைக்குப் போனவள் அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டாள். அமிக்காசின், மூன்று பெட்டி, பிரிக்கவே இல்லை.

"இது எப்ப வந்துச்சு?"

"போன வாரமே வந்துடுச்சு. யாரும் கேக்கல," என்றார் மருந்தாளர்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு ஓடினாள். தொட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

"எதுவும் கேக்காதுன்னு நீங்கதான எழுதியிருந்தீங்க. நேத்து ஊசியை நிறுத்திட்டோம். காலையில போயிடுச்சு."

வாசலில் பிள்ளையின் தாய் துணிச்சுருளை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற தகப்பனிடம் நர்ஸ் சொன்னாள், "ரத்தத்தைச் சோதிச்சவங்க இவங்கதான்." டெம்வானானிக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவன் முழங்காலை மடக்கி, கைகளைக் குவித்து மெல்லத் தட்டி நன்றி சொன்னான்.

"உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுத்தீங்கம்மா. இல்லன்னா மருந்து மருந்துன்னு ஆட்டை வித்துட்டு அலைஞ்சிருப்பேன். மூத்ததுங்களுக்கு அந்த ஆடாவது மிஞ்சிச்சு."

நன்றியைத் திருப்பாமல் போவது அங்கே அவமரியாதை. டெம்வானானி பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகளைக் குவித்துப் பதிலுக்குத் தட்டினாள்.