சேற்றுக்குள் தைகிச்சி

அறுவடை முடிந்து குளத்தை வடிக்கும் நாள் வந்துவிட்டால் அந்த ஊரில் ஒருவருக்கும் வீட்டில் கால் தரிக்காது. மதகைத் திறந்துவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கி, வெறுங்கையால் துழாவிக் கெண்டை பிடிப்பார்கள். ஃபுசாயே மட்டும் காலையிலிருந்தே சேற்றில் இறங்காமல் கரையிலேயே நின்றாள். அவள் வளர்த்த ஆமை தைகிச்சி அந்தச் சேற்றுக்குள்தான் கிடந்தது.

வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கிய குஞ்சுதான். முதலைக்குட்டி மாதிரி வால் என்று கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தாள். வாணலி அளவு ஆனதும் அது விளக்குமாற்றுக் கட்டையை ஒரே கடியில் இரண்டாக்கியது. அனுமதி வாங்காமல் அந்த வெளிநாட்டு இனத்தை வளர்த்தால் குற்றம் என்று சட்டம் வேறு வந்தது. கொல்ல மனசு வருமா? ஒரு விடியற்காலையில் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிட்டாள். இந்தக் கோடையில் வாத்துகள் ஒற்றைக் காலோடு கரையேறின. நரி வேலை என்றார்கள். அவளும் தலையாட்டினாள்.

"வெளிநாட்டுப் பிராணிய இதுல விடுறவன ஊரவிட்டே துரத்தணும்!" என்று ஊர்த்தலைவர் சகுமா வழக்கம்போலக் கரையில் நின்று முழங்கினார்.

அவள் தம்பி கெங்கோ முதல் ஆளாக இறங்கினான். ஊருக்கே முடி வெட்டிச் சவரம் செய்கிற கை அவனுடையது.

"என்னக்கா, மூஞ்சியே சரியில்ல? பெரிய கெண்ட உனக்குத்தான், போ!"

"வல போட்டுப் பிடியேன்டா."

"வலையா? அதுக்கு நான் வீட்லயே படுத்துத் தூங்கலாம்."

கையை முழங்கை வரை சேற்றுக்குள் விட்டான். அவன் பக்கத்தில் சேறு குமிழி விட்டது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. மானம் போனால் போகட்டும்! கரையில் ஊருக்காகக் கொதித்துக்கொண்டிருந்த மிசோ சூப் அண்டாவிலிருந்து கரண்டியை உருவி, தீனி வைக்கும்போது தட்டுவதுபோலத் தகர வாளியில் தட்டினாள். டங், டங், டங்.

சேறு பிளந்தது. கெங்கோவின் தொடையை உரசிக்கொண்டு ஒரு கறுத்த முதுகு எழும்பி, வாயைப் பிளந்தபடி அவளை நோக்கி ஊர்ந்து வந்தது. கரையில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"என்னோடதுதான்," என்றாள். "நான்தான் விட்டேன். என்ன வேணா பண்ணுங்க."

இரண்டு பேர் மீன்பெட்டியைக் கவிழ்த்து அதை அமுக்கினார்கள்.

"அடிப்பாவி அக்கா! என் விரல அதுக்குத் தீனியாக்கப் பாத்தியே!" கெங்கோ சிரித்தான். ஆபத்து தீர்ந்தது என்று மதகோரம் போய், இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டான்.

தலைவர் இப்போது கத்துவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கெங்கோ, கைய அசைக்காத."

"ஏன் தலைவரே?"

சகுமா கரையோரம் மண்டியிட்டு, எதையோ தீனிக்குக் கூப்பிடுவதுபோல் கைதட்டத் தொடங்கினார். ஐயோ, இவருமா! ஃபுசாயேவின் கையிலிருந்து கரண்டி நழுவியது.

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். சேறு எங்கும் அசையவில்லை.

"அக்கா," கெங்கோவின் குரல் இறங்கியிருந்தது. "கைக்கடியில ஏதோ திரும்புதுக்கா."