திரும்ப வர வேண்டும்

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் வந்தபோது அகிலா ஒரு மாங்காய்க் கரையின் கடைசி வளைவுக்கு நிறம் வைத்துக்கொண்டிருந்தாள். திரை உறைந்து நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல நகர்ந்தது.

பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். டிசைன்களை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துப் பயனில்லை. அவற்றைத் திறக்கும் சாஃப்ட்வேரை விற்றவர்கள் கம்பெனியையே மூடிவிட்டார்கள். புதிதாக நிறுவ வழியில்லை. சத்தம் போடும் இந்த டிஸ்க் படுத்துவிட்டால் மறுபடி அடுத்தவர் கடையில் போய் உட்கார்ந்து வரைய வேண்டும். கல்யாணத்துக்கு முன் அப்படி இருந்திருக்கிறாள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார்.

சர்வீஸ் செய்யும் வேணுகோபாலுக்கு போன் போட்டாள்.

"மொத்த டிஸ்க்கையும் அப்படியே நகலா, இமேஜ் எடுத்துடும்மா. விண்டோஸ், சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கறபடியே வந்துடும். அதுக்கு சாஃப்ட்வேர் இலவசமாவே நிறைய இருக்குது, எதனா ஒண்ணு போட்டுக்க."

எதையாவது ஒன்றைப் போட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. புது டிஸ்க் ஒன்றும், இமேஜை வைக்க வெளியே செருகும் டிஸ்க் ஒன்றும் வாங்கி வந்தாள். இறக்கிய முதல் சாஃப்ட்வேர் சமர்த்தாக இமேஜ் எடுத்துப் பச்சை டிக் காட்டியது.

"முடிஞ்சுது இல்ல? வேலையப் பாரு" என்றான் கணவன் தேவேந்திரன்.

"எடுத்தது முடிஞ்சுது. புது டிஸ்க்க மாட்டி, திரும்ப வருதான்னு பாக்க வேணாமா?"

"நல்லா ஓடிக்கினு இருக்கறத எதுக்கும்மா கழட்டுற? கழட்டி அதுவும் போயிடுச்சின்னா?"

அவளுக்கும் அந்த பயம்தான். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டி, பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். இமேஜ் இருந்த டிஸ்க் அந்த சாஃப்ட்வேரின் கண்ணிலேயே படவில்லை. பழையதை மறுபடி மாட்டி இரண்டாவதைப் பார்த்தாள். இமேஜ் எடுக்க இலவசம், திருப்பிப் போடக் காசு என்றது. "உள்ள விட்டுட்டுக் கதவச் சாத்தறானுங்க" என்று அதை அழித்தாள். மூன்றாவது பார்க்க லட்சணமாக இல்லை, ஏகப்பட்ட கேள்வி கேட்டது. ஆனால் எடுத்த இமேஜைத் தானே ஒருமுறை சரிபார்த்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை மீண்டும் கழற்றினாள். தேவேந்திரன் வந்து டார்ச் பிடித்தான். இமேஜ் புது டிஸ்க்குக்குள் முழுதாக இறங்கியது. அணைத்துப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. அவன் டார்ச்சை அணைக்க மறந்து நின்றான். விண்டோஸ் வந்தது. டிசைன் சாஃப்ட்வேரைத் தட்டினாள். லைசென்ஸைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அது தயங்கியது, பிறகு திறந்தது. கட்டம் கட்டமாக அந்த மாங்காய், பாதி நிறத்தோடு.

தேவேந்திரன் சிரித்தான். "ஜெயிச்சுட்ட போ. இனிமே பயமில்ல."

"எல்லாம் ஒரே வூட்லதான இருக்குது? மழத்தண்ணி உள்ள வந்தா சேந்தே போவும். இமேஜ் இருக்கற டிஸ்க்க எங்க அக்கா வூட்ல வெச்சுட்டு வந்துடறேன்."

"இப்பவேவா?"

அவள் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்குப் போகும் ஏனாத்தூர் பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கி ஏறினார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஒரு பெண், "அக்கா, பைய மேல வெச்சுடட்டுமா?" என்றாள்.

"வேணாம்மா" என்றாள் அகிலா. பஸ் குலுங்கும்போதெல்லாம் டிஸ்க் இருந்த பை மடியிலிருந்து சற்று மேலே எழும்பியது. அவள் இரண்டு கைகளாலும் அதை ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.