காப்பு கட்டிய உடம்பு

பூக்குழியில் விழுந்த மூன்றாம் நாள் அய்யாவு செத்துப்போனான். மலாயாவில் பெக்கோக் ரயிலடியிலிருந்து ஐந்து கல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் எட்டு வருஷமாக ஆடி மாதம் தீ மிதித்து வந்தார்கள். கால் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. செத்தவர் யாருமில்லை.

அவன் பெண்சாதி அங்கம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். முன்னால் போன நாலு பேர் ஓட்டமும் நடையுமாகக் கடந்து பால் குழியில் காலை நனைத்தார்கள். ஐந்தாவதாக இவன் இறங்கினான். நிதானமாகத்தான் நடந்தான். பாதி வழியில், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல நின்றான். பிறகு முழங்கால் மடிந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவனை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். மருந்து கட்டும் டிரசர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "காய்ச்சல் விட்டு ஒரு மாசம் ஆகாத உடம்பு. அதுல பத்து நாள் ஒரு வேளைச் சோறு. தலை சுத்தியிருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல."

அந்தக் காய்ச்சல் முதலில் அவளுக்குத்தான் வந்தது. அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் அவன் மாரியாத்தாவுக்கு வேண்டிக்கொண்டான். காய்ச்சல் அவளை விட்டு இறங்கி அவனைப் பிடித்தது. காப்பு கட்டிய பத்து நாளும் வெறுந்தரையில் படுத்தான். கள்ளுக்கடை இருக்கும் பக்கமே போகாமல் சுற்றி வந்தான்.

புதைத்துவிட்டு வந்த பிறகு கூலிவீட்டு லயத்துப் பெண்கள் மாரடித்தார்கள். அங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள். ஐந்தாம் நாள் ஆள் எண்ணும் பெரட்டில் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டு வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனாள்.

அன்று மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டு முடிந்ததும் வீரமுத்து வந்தார். அவரும் பால்மரம் வெட்டுகிறவர்தான், கோயிலுக்குப் பூசாரி. தகரக் கூரை போட்டு அந்தக் கோயிலை எழுப்பியதே அவர். அவரும் அய்யாவுவும் அங்கம்மாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அவளைக் கூடப் பிறந்தவளாகவே நினைப்பவர்.

"சிகாமட்லேர்ந்து வெள்ளைக்கார அதிகாரி வர்றாரு தங்கச்சி. வியாழக்கெழம விசாரணையாம். திருவிழாவாலதான் ஆள் செத்தான்னு அவர் எழுதிட்டா, கோயில இடிச்சிருவேன்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு."

அங்கம்மா வாளியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அது மட்டுமில்ல. லயத்துல ஒவ்வொருத்தனும் என்கிட்ட வந்து கேக்கறான். அய்யாவு மாதிரி சுத்தமா இருந்தவனையே ஆத்தா சுட்டுட்டாளே, அப்ப என்னதான் அர்த்தம்னு. நான் என்ன சொல்றது? இந்தக் காட்டுல அவங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"என்ன சொல்லணும்ங்கிறீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "காப்பு கட்டிட்டும் குடிச்சிட்டான்னு சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"அவர் குடிக்கலையே, அண்ணே."

"தெரியும். அவன் செத்துட்டான், அங்கம்மா. ஆத்தா சாகக் கூடாது."

அவள் வாளியை நிமிர்த்தி வைத்தாள். "பொய் சொன்னா ஆத்தா ஏத்துக்குவாளா?"

"அவளுக்காகத்தான சொல்றோம்."

"அவளுக்குத் தெரியுமே."

வீரமுத்துவுக்குக் கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆபீசில் அவளை நிற்க வைத்தார்கள். அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். சன்னலுக்கு வெளியே பாதி லயம் கூடி நின்றது. முன்வரிசையில் வீரமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்கும்வரை என்ன சொல்வது என்று அவள் முடிவு செய்திருக்கவில்லை. கோயில் இல்லாத தோட்டத்தை நினைத்துப் பார்த்தாள். தான் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் வைத்த கோயில் திருநீற்றை நினைத்தாள். அவளும் அந்தத் தாயை நம்புகிறவள்தான்.

"அன்னைக்கு ஒம் புருசன் குடிச்சிருந்தானான்னு கேக்கறாரு."

"ஆமாங்க."

"எவ்வளவு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு கோப்பை."

அதிகாரியின் பேனா ஓடியது. அவர் புறங்கையில் செம்பட்டை மயிர் இருந்தது. அங்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதும் ஏதாவது ஆகும் என்று பயந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. வெளியே கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. எல்லோருக்கும் ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது.

குடியால் விழுந்தான் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். கோயில் நின்றது. சாயங்காலப் பூசைக்கு மறுபடியும் கூட்டம் வந்தது. அவளும் போனாள், விளக்கேற்றினாள். முன்பு வேண்டிக்கொள்வாள், இப்போது கைகூப்பி நின்றுவிட்டு வந்தாள்.

ஒரு வருஷத்துக்குள் லயத்துப் பேச்சில் ரெண்டு கோப்பை ஒரு மொந்தையாயிற்று. கருவாடும் தின்றான் என்றார்கள். லயத்துக்கு வெளியே பெண் சகவாசம் என்று ஒருத்தி சொன்னாள். அங்கம்மா காதில் விழுகிற தூரத்தில்தான் பேசினார்கள், அவள் மறுக்கவில்லை.

அடுத்த ஆடியில் காப்பு கட்டும் நாள் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம் வீரமுத்து சொன்னார்: "அய்யாவு கத தெரியுமில்ல? குழிக்குப் போறப்ப அவன் மேல கள்ளு வாடை அடிச்சிச்சு. இந்த மூக்கால மோந்தேன். அப்பவே தடுத்திருக்கணும். அந்தப் பாவம் எனக்கும் உண்டு."

கூட்டம் கலைந்ததும் அங்கம்மா அவரிடம் போனாள்.

"அண்ணே, அது நாம சொன்னதுதான."

"எது?"

"கள்ளு."

வீரமுத்து அவளை இரக்கத்தோடு பார்த்தார். "என்னம்மா பேசுற? நான் பக்கத்துல நின்னேன். வாடை அடிச்சுதே."

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். நடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். இல்லை. மனசார நம்பினார்.

இரண்டு நாள் கழித்துச் சந்திரமதி என்கிற பெண் அவளைத் தேடி வந்தாள். அந்த வருஷம் புதிதாக வந்த குடும்பம். அவள் புருஷன் தங்கராஜு காப்பு கட்டியிருந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒங்க வீட்டுக்காரரு என்ன தப்பு செஞ்சாருன்னு சரியா சொல்லுங்க. இவரு அத செய்யாம பாத்துக்குவேன்."

அங்கம்மா அவளை உட்காரச் சொன்னாள்.

"அவரு ஒரு தப்பும் செய்யல."

"அக்கா?"

"குடிக்கல. பத்து நாளும் ஒரு வேளதான் சாப்பிட்டாரு. காய்ச்சல்காரரு, தல சுத்தி விழுந்துட்டாரு. குடிச்சாருன்னு நான் சொன்னது பொய். கோயிலுக்காகச் சொன்னேன். நீ உன் புருசனுக்கு வயித்துக்குக் கொஞ்சம் சேத்துப் போடு."

ஒரு வருஷமாக வாயில் வைத்திருந்ததைச் சொல்லியாயிற்று. சந்திரமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் புரியுது அக்கா. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். கட்டினவர விட்டுக் கொடுக்க முடியுமா?"

"நான் சொல்றது நெசம்."

"சரி அக்கா," என்றாள் சந்திரமதி, குழந்தைக்குச் சொல்வது போல.

திருவிழாவன்று தங்கராஜு மூன்றாவதாக இறங்கினான். அங்கம்மா கூட்டத்தோடு நின்றாள். அவன் பாதி தூரம் வந்தபோது, அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது மடிய வேண்டும் என்று நினைத்தாளா, மடியக் கூடாது என்று நினைத்தாளா, அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவன் கடந்துபோனான். பால் குழியில் நின்று சிரித்தான். ஒரு கொப்புளம் கூட இல்லை.

கூழ் ஊற்றும்போது சந்திரமதி ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். முகமெல்லாம் மஞ்சளும் வேர்வையுமாக இருந்தது.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்காகவும் வேண்டிக்கிட்டேன். ஆத்தா அவர மன்னிச்சிரணும்னு."

"சரிம்மா," என்றாள் அங்கம்மா.

கூழ் இளஞ்சூடாக இருந்தது. நின்றபடியே குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவி அவளிடம் கொடுத்தாள்.