நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

என் அக்கா ஓபல் மேல் குதிரை புரண்டு, இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வு போன பிறகு, அவளுக்கும் அவள் கணவன் ராய்ஸுக்கும் ஒரே ஒரு பெரிய சண்டைதான் வந்தது. அது வீட்டைப் பற்றியது. அவர்கள் வீடு லெம்ஹை பள்ளத்தாக்கின் மேல்கோடியில், மண்சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. பனியைத் தள்ளிக்கொண்டு வரும் அரசாங்க வண்டி பாதி வழியிலேயே திரும்பிவிடும். அதற்கு மேல் அவரவர் பாடு.

சக்கர நாற்காலியோடு ஏறுவதற்கென்று அவர்கள் ஒரு பழைய பெரிய வேன் வாங்கியிருந்தார்கள். வலப்பக்கக் கதவில் நாற்காலியைத் தூக்கி இறக்கும் தட்டு இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கால் இல்லாமலே பிரேக்கும் வேகமும் பிடிக்க ஒரு கைப்பிடி. எல்லாம் சரி, ஆனால் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும். பனி விழுந்துவிட்டால் வேன் முற்றத்தைத் தாண்டாது.

விபத்துக்குப் பிந்தைய முதல் குளிர்காலத்தில் ஓபலுக்குத் தொற்று கண்டு காய்ச்சல் ஏறியது. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் ஒரு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வந்தார். வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே அவளைக் கிடத்தி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ராய்ஸ் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவள் பிழைத்தாள். அவனுக்குத்தான் அந்தப் பயம் போகவில்லை. சால்மன் ஊருக்குள், மளிகைக் கடைக்கு அருகே, வாசற்படி இல்லாத ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னான். ஒரு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. பிறகு என்னை வரச்சொன்னாள். நான் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"வீட்ட மாத்தாத, ராய்ஸ். வண்டிய மாத்து."

வேனின் நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றித் தரும் பட்டறை இரண்டு மாநிலம் தாண்டி இருந்தது. அங்கே கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ஆகவே வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. ராய்ஸ் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். இரும்பைக் காய்ச்சி வளைக்கத் தெரியும். நான் மர ஆலையில் இருக்கிறேன். வெல்டிங் ஓரளவு வரும். ஓபலோ விபத்துக்கு முன்னால் இதே மலைச்சாலைகளில் தபால் கொண்டுபோனவள். நடுவழியில் ஜீப் நின்றால் அவளே இறங்கிப் பிரித்து மாட்டிக்கொண்டு போவாள். எங்கள் மூவரில் எஞ்சின் தெரிந்தவள் அவள்தான்.

ஓடைக்குள் உருண்டு நசுங்கிய ஒரு பிக்கப் லாரி அந்த டிராக்டர்காரரின் வேலியோரம் கிடந்தது. மேலெல்லாம் சப்பையாகியிருந்தாலும் அடியில் எல்லாம் பழுதில்லாமல் இருந்தது. முன்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்ஸில், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டி, பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்குகள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ என்றார். பனி உருகியதும் கொட்டகையில் வேனைத் தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தினோம்.

வேனின் பழைய முன்பக்கத்தை வெட்டி எடுக்க வேண்டிய நாளில் ராய்ஸ் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, அப்படியே நின்றான். முகமூடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான்.

"இத வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது, ஓபல்."

"ஒட்டச் சொல்லி யாரு கேட்டா? அத இங்க குடு."

நாற்காலியை ஓட்டிக்கொண்டுபோய், குனிந்து, முதல் வெட்டை அவள்தான் போட்டாள். அதற்குப் பிறகு அவன் தயங்கவில்லை.

அடியில் வேலை ஆரம்பித்ததும் தகராறு வந்தது. ராய்ஸ் படுத்துக்கொண்டு கையில் தட்டுப்பட்டதையெல்லாம் வாயால் வர்ணிப்பான். ஓபல் வெளியே இருந்து இல்லை, அது அதில்லை என்பாள். இரண்டு நாளில் அவளுக்குப் பொறுமை போயிற்று. மெக்கானிக்குகள் படுத்தபடி உருளும் பலகை இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள். ராய்ஸ் கூடாது என்றான்.

"வண்டிக்கு அடியில காலுக்கு என்ன வேல?" என்று கேட்டாள்.

அவன் இன்னொரு பலகையை உருட்டிக்கொண்டு வந்தான். அவளைத் தூக்கிப் பலகையில் படுக்கவைத்தான். சூடான இரும்புத் துணுக்கு விழுந்தாலும் அவள் கால்களுக்குத் தெரியாதே என்று, பழைய சேணத்துக் கம்பளியை இரண்டு கால்களிலும் சுற்றிக் கட்டினான். வேலை நடக்கும்போதே அடிக்கடி எட்டிக் கம்பளியைத் தடவிப் பார்த்துக்கொள்வான். அவள் கவனிக்காத மாதிரி இருப்பாள்.

அந்தக் கோடை முழுக்க நான் போகும்போதெல்லாம் வேனுக்கு வெளியே இரண்டு ஜோடி பூட்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து பேச்சு மட்டும் வரும்.

"உன் முழங்கை என் காதுல இருக்கு."

"கல்யாணம் ஆனதுலேருந்து அங்கதான இருக்கு. அந்த நட்டப் பிடி."

சில சமயம் பேச்சே இருக்காது. ஸ்பானர் சத்தமும் இருக்காது. அப்போது நான் வாசலிலேயே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

ஆகஸ்டில் வேன் தன் நாலு காலில் நின்றது. ராய்ஸ் ஓட்டிப் பார்த்தான். மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் பதித்திருக்கும் இரும்புக் குழாய்களைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையை உதறும் அளவுக்கு ஆடியது. வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தான். நான் பற்றவைத்த ஒரு தாங்கி இம்மி கோணலாக இருந்ததை ஓபல் கண்டுபிடித்தாள். அதை வெட்டி மறுபடி பற்றவைத்தேன். அடுத்த முறை ஓடை மணலிலும் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக் காட்டினான்.

ஒரு சனிக்கிழமை ஓபலோடு முதல் பயணம். அவர்கள் முன்பு குதிரைகளோடு போய்க் கூடாரம் போடும் மேல் ஏரிக்குப் போவதாகத் திட்டம். சாண்ட்விச், பியர், அவளுடைய தூண்டில் எல்லாம் ஏற்றியாயிற்று. ராய்ஸ் பொத்தானை அழுத்தினான். தட்டு வெளியே வந்து, முனகிக்கொண்டே இறங்கி, தரைக்கு ஒரு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான். அவ்வளவுதான், அதற்குமேல் அது இறங்காது.

முன்சக்கரம் சுழல இடம் வேண்டும் என்று வேனைத் தூக்கியிருந்தோம். முன்னே தூக்கினோம், சமமாக இருக்கப் பின்னேயும் தூக்கினோம். வேன் உயர்ந்தால் தட்டும் உயரும் என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராய்ஸ் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவள் ஏற முடியாத வண்டியை அவளுக்காகவே செய்திருக்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் தோள் நடுங்கியது. அழுகிறான் என்றே நினைத்தேன், அழத்தான் செய்தான். ஓபல் ஓசையில்லாமல் சிரிக்க ஆரம்பித்து, பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போய், அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

"அத இறக்க முடியலன்னா தரைய ஏத்து. இந்த ஊர்ல எங்க சமதரை இருக்கு? அந்தச் சரிவுக்குப் பக்கத்துல நிறுத்து. மேட்டுப் பக்கம் கதவு வரட்டும்."

குதிரைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிலம் ஒருபக்கம் உயர்ந்திருக்கும். அதை ஒட்டி ராய்ஸ் வேனை நிறுத்தினான். தட்டு புல்லில் வந்து அமர்ந்தது. அவள் ஏறினாள்.

மேலே ஏரிக்கரையில் நல்ல மேடு தேடி அவன் மூன்று தடவை சுற்றினான். முதல் இரண்டு இடமும் ஓபலுக்குப் பிடிக்கவில்லை, தண்ணீர் தெரியவில்லை என்றாள். மூன்றாவது இடத்தில் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே இறங்கி, மாலை வரை தூண்டில் போட்டாள். ஒன்றும் சிக்கவில்லை. திரும்பும்போது நான் பின்னால் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் முன்னால், எந்த வளைவில் எந்தக் குதிரை மிரண்டது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். அவள் மேல் புரண்ட குதிரையின் பெயரையும் அவள் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அதை அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

தட்டின் கம்பிகளை நீட்டிவிடலாம் என்று ராய்ஸ் அளவெல்லாம் எடுத்தான். ஓபல் வேண்டாம் என்றுவிட்டாள். அளக்கிற கையைத் தள்ளிவிட்டு, இதுவரை செய்ததே போதும், இனி ஓட்டலாம் என்றாளாம்.

ஜனவரியில் ஒரு நாள் காலை, நல்ல பனி. வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தால் என் முற்றத்தில் வேன், வயிறு வரை வெள்ளை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஓபல், தனியாக. ராய்ஸ் எங்கே என்றேன். தூங்குகிறான், சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன் என்றாள். மேலிருந்து முழு வழியும், இன்னும் பனி தள்ளாத சாலையில், அவளே ஓட்டி வந்திருக்கிறாள். அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

என் வீட்டு முற்றம் பலகை மாதிரி சமமானது. ஒரு பக்கமும் மேடு கிடையாது. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, கதவுக்குக் கீழே பனியை வாரிக் குவித்து மிதிக்க ஆரம்பித்தேன். அவள் கதவைத் திறந்து, மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போடு, கிளிண்ட். நல்லா மிதி. காப்பி இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டு மிதித்தேன். தட்டு முனகிக்கொண்டு இறங்கி வந்து பனிமேட்டின் மேல் உட்கார்ந்தது.