நான்காவது ஓட்டக்காரி

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குள் செய்திமடல் அச்சுக்குப் போக வேண்டும். ஒன்றரை மணிக்கும் அந்த ஒற்றை வண்ணப் புகைப்படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆரம்பப் பள்ளியின் அலுவலக எழுத்தர். கண் பரிசோதனை, நூலகப் புத்தகங்களைத் திருப்ப வேண்டிய நாள், புதன்கிழமை பெற்றோர் கூட்டம் எல்லாம் தட்டச்சாகிவிட்டன. பாக்கி இருந்தது தொடர் ஓட்டம்தான். இரண்டாம் வகுப்பு அணி ஜெயித்திருந்தது. படத்தில் நான்கு சிறுமிகள். மூன்றாவதாக நின்றது அவள் மகள், வீட்டில் 'பூனை' என்று கூப்பிடப்படுகிறவள். நான்காவது, ஓரகத்தியின் மகள் வாலு.

ஒரே வீட்டில் கீழே இவள், மாடியில் கொழுந்தன் குடும்பம். போன மாதம் முழுக்க வாலுவின் பெயரை இவளே தன் கையால் தட்டச்சு செய்திருந்தாள். ஒரு வாரம் கையெழுத்துக்கு, மறு வாரம் பத்துப் புத்தகம் படித்ததற்கு, அதற்கடுத்த வாரம் தொலைந்த பென்சில் பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு. பென்சில் பெட்டிக்கெல்லாமா பாராட்டு? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவருக்கு ஓரகத்தி இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போது இவளுக்கு வயிறு எரிந்தது. குழந்தைமேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் எரிச்சலை அணைக்கவில்லை.

வகுப்பாசிரியை எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில், 'மூன்றாவது சுற்றில் பின்தங்கிய அணியைக் கடைசியில் ஓடிக் கரைசேர்த்த' என்று ஆரம்பித்து வாலுவின் பெயர் இருந்தது. மூன்றாவதாக ஓடியது பூனை. பின்தங்கியது யாரென்று நானூறு குடும்பங்களுக்கும் தெரியவேண்டுமா? அந்த வரியை எடுத்தாள். பிறகு படத்தின் வலது ஓரத்தைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள். வாலு காணாமல் போனாள். பூனை பளிச்சென்று ஓரத்தில் நின்றாள்.

தலைமையாசிரியை வழக்கம்போலத் தேதிகளை மட்டும் விரல் வைத்துப் படித்தார். முன்பு ஒரு தேதி தவறி, விடுமுறை நாளில் பெற்றோர்கள் பூட்டிய கேட்டுக்கு முன் நின்றதிலிருந்து அவருக்குத் தேதிதான் உயிர். "சரியா இருக்கு, அனுப்பிடுங்க" என்றார்.

மாலையில் மாடிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் காய்ந்த துணிகள் மொட்டைமாடியில் இருந்தன. ஓரகத்தி அவற்றையும் சேர்த்து எடுத்துவந்து மடித்துக்கொண்டிருந்தாள். தரையில் கறுப்பு வெள்ளைச் செய்திமடலை விரித்து, குப்புறப் படுத்திருந்தாள் வாலு.

"பெரியம்மா, இங்க பாருங்க. பூனை தோள் மேல ஒரு கை இருக்குல்ல, அது என்னோடது!"

குனிந்து பார்த்தாள். நான்கு விரல்கள். அவசரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. வாலு அந்த விரல்களிலிருந்து பென்சிலால் ஒரு கையை இழுத்து, வெள்ளை ஓரத்தில் தோள், கழுத்து, தலை என்று தன்னையே வரைந்து முடித்திருந்தாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"நாலு பேர் ஓடினாங்களே, மூணு பேர்தான் இருக்காங்க?" என்றாள் ஓரகத்தி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எனக்கு வந்த போட்டோவே அப்படித்தான் இருந்துச்சு. நான் அன்னிக்கு மைதானத்துப் பக்கமே போகலை. ஃபோனைக் கட்டிக்கிட்டு ஆபீஸ்லயே கிடந்தேன்."

"அதனால என்னக்கா. அடுத்த தடவை வந்துட்டுப் போகுது."

அந்தப் பெருந்தன்மைதான் இவளுக்கு ஆகாது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். தன் துணிகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாலு கலர் பென்சில் பெட்டியைக் கொட்டிக் கிளறினாள்.

"அம்மா, ரிப்பனுக்கு என்ன கலர் அடிக்க?"

"வெள்ளைதானே கட்டி விட்டேன். சும்மா விட்டுடு."

"ஊதா" என்றாள் இவள். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"ஆமாம்மா, ஊதா!" வாலு துள்ளி எழுந்தாள். "கடைசியா ஓடுறவங்களுக்கு மட்டும் மிஸ் மாத்திக் கட்டினாங்க. ஓடி முடிச்சு போட்டோ எடுத்ததும் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. உங்களுக்கு எப்படி பெரியம்மா தெரியும்?"

ஓரகத்தியின் கை பாதி மடித்த துண்டின் மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. இவள் பூனையின் சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றாள்.

வாலு மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டாள். ஊதாப் பென்சிலை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ரிப்பன் பெரிதாகிக்கொண்டே போய், வெள்ளை ஓரத்தைத் தாண்டி, புதன்கிழமை பெற்றோர் கூட்டத்தின் மேல் ஏறியது.