பொன்னுத்தங்கத்தின் விரல்

தாயில்பட்டி வெடிக் கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்த அய்யாதுரைக்கு, கல்யாணமாகி மூன்று மாதம் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. 1961இல் தீபாவளி சீசன் முடிந்து வேலை ஓய்ந்திருந்த நேரம். மனைவி பொன்னுத்தங்கம் எதையாவது யோசித்தால், அவளுடைய ஆள்காட்டி விரல் தொடைமேல் எழுதத் தொடங்கிவிடும். பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று யோசித்தாலும் சரி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாலும் சரி, விரல் ஓடும்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண் பார்க்கப் போனபோதே சொல்லிவிட்டார்கள்.

அய்யாதுரை பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தான். ‘ப’ மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றவை அவன் பார்த்தறியாத கோலத்தில் இருந்தன. மறுபடியும் ‘ப’. அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்த மாமன் மகன் பெயர் பால்வண்ணம். அது நினைவுக்கு வந்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏ புள்ள, என்ன எழுதுத?”

“நானா? எனக்கு எங்கங்க எழுதத் தெரியும்?”

“இப்பத்தான விரலால எழுதுன.”

அவள் தன் விரலையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “நெசமாவா? நான் ஒண்ணும் செய்யலையே.”

மறைக்கிறாளா, உண்மையிலேயே தெரியாதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து அவள் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். கையைக் கவனித்தால் யோசனை நின்றுபோயிற்று. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கிணற்றடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். இரண்டு வாரம் இப்படியே போனது.

கடைசியில் அய்யாதுரை அடுத்த வீட்டு ஞானபூரணி டீச்சரிடம் போய் விரல் விஷயத்தைச் சொன்னான். பால்வண்ணத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, பொன்னுத்தங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர்க்கதை, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் பேசிவிட்டு, “எங்க அக்கா மகளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு தங்கம். நல்ல பேரா ஒண்ணு சொல்லு” என்றாள்.

பொன்னுத்தங்கம் யோசித்தாள். கை தானாக முந்தானையை விட்டு வெளியே வந்தது. விரல் ஓடியது. டீச்சர் மெல்லிய தாளில் பென்சிலால் அதை அப்படியே வரைந்துகொண்டாள். வரைந்ததைப் பார்த்து அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தாளின் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பாதுகாப்புத் தீப்பெட்டி” என்று மெதுவாக வாசித்தாள். “உன்னப் பெத்த அய்யா என்ன வேலை பாத்தாக?”

“சிவகாசியில கல்லச்சு வேலை. தீப்பெட்டி லேபிளுக்குக் கல்லுல எழுதுவாக. நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு எட்டு வயசுல தவறிட்டாக.”

தாளில் நேராக விழ வேண்டுமென்றால் கல்லில் இடவலம் மாற்றி எழுத வேண்டும், ‘ப’ மட்டும் மாற்றினாலும் அப்படியே இருக்கும் என்று டீச்சர் விளக்கினாள். பொன்னுத்தங்கம் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அய்யாதுரை தான் சந்தேகப்பட்டதை அவளிடம் சொல்லிவிட்டான். அவள் திட்டவில்லை, அழவில்லை. மூன்றாம் நாள் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க நெனச்சத விடுங்க. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. ரோசிக்கிறது நானா, எங்க அய்யாவா?”

“டீச்சர்கிட்ட எழுதப் படிக்கியா?” என்று கேட்டான் அய்யாதுரை.

தை மாதம் சிலேட்டோடு போக ஆரம்பித்தாள். டீச்சர் இடமிருந்து வலம் எழுதச் சொன்னால், அவள் கை வலமிருந்து இடம் போயிற்று. “டீச்சர் நேரா இருக்குங்கறது எனக்குக் கோணலாத் தெரியுதுங்க” என்று தினமும் குழம்பிப்போய் வீடு வருவாள். வேலை முடிந்து வந்த அய்யாதுரை, அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிடுவான். அவள் தன் பெயரை நேராக எழுதியது பங்குனியில்.