சோதனை ஓட்டம்

கணவரின் கருவிப் பையைத் தரையில் கவிழ்த்தாள். ஸ்பானர்கள், டார்ச், கிரீஸ் துணி, அளவு நாடா, பென்சில். அடையாள அட்டையைக் காணோம். கம்பெனிப் படிவத்தில் அவருடைய பணி எண்ணைக் குறிக்க வேண்டும். கூட்டாளி ஹாலில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்கு வரும்; நான்கு மணிக்குத் தகனம்.

“ஃபிரிட்ஜ் மேல பாத்தீங்களா அண்ணி? பர்ஸையே அங்க வைக்கிற ஆளு எங்கண்ணன்,” என்றாள் நாத்தனார். நேற்றுக் காலையிலிருந்து அழுது குரல் கட்டியிருந்தது.

“பாத்தாச்சு.”

“அக்கா, இன்னொண்ணு,” என்றார் கூட்டாளி. இருபது வருஷம் அவரோடு லிஃப்ட் பழுது பார்த்தவர். “அங்க நீங்க நாலு வார்த்தை சொல்லணும்னு எல்லாரும் கேக்கறாங்க.”

“எனக்கு வராது.”

“நீங்க எழுதறவங்கன்னு அண்ணன் வாய் ஓயாம சொல்லுவாரே.”

“அதெல்லாம் எந்தக் காலத்திலயோ.”

பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு வலைப்பூ இருந்தது. வாரம் ஒன்று எழுதினாள். ஒருநாள் மாலை, படித்தவர்கள் ஏழு பேர் என்று காட்டியது. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த கணவர், “அதுல நாலு நான்தான்,” என்றார். அவள் சிரிக்கவில்லை. கணினியை மூடினாள். அதன் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பையின் உள்பக்க ஜிப்பைத் திறந்தாள். அடையாள அட்டை அங்கேதான் இருந்தது. அதன் பின்னால், சேர்த்து ஸ்டேப்ளர் அடித்த மூன்று சர்வீஸ் அட்டைகள். ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் இப்படி ஒன்று தொங்கும். தேதி, நிலை, கையொப்பம் என்று கட்டம் போட்டிருக்கும்.

இந்த அட்டைகளில், கட்டடத்தின் பெயர் எழுதும் இடத்தில் அவளுடைய வலைப்பூவின் முகவரி இருந்தது.

மாதம் ஒரு தேதி. ‘ஓடுது.’ அவருடைய கோணல் கையெழுத்து. அடுத்த மாதம். ‘ஓடுது.’ மூன்று அட்டைகளும் நிறைந்திருந்தன. கடைசியில் ஒரே ஒரு வரி காலி. அதற்கு மேல் வரியில் மட்டும் கையெழுத்து வேறு.

“இது யாரு?”

கூட்டாளி எட்டிப் பார்த்தார். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான்தான். போன வாரம் ஆஸ்பத்திரியில. அவரு கையில ஊசி குத்தியிருந்துச்சு. ‘இந்த மாசம் இன்னும் ஓட்டலடா, நீ தட்டு’ன்னாரு. அவரு சொல்லச் சொல்ல என் போன்லதான் தட்டினேன். அட்டையிலயும் நானே எழுதினேன்.”

“எதுக்கு?”

“ஆள் ஏறலன்னாலும் மாசத்துக்கு ஒரு தடவை மேலயும் கீழயும் ஓட்டிப் பாக்கணும் அக்கா. சும்மா விட்டா சிக்கிக்கும். லிஃப்டைச் சொல்றேன். அவரு எல்லாத்துக்கும் அதையேதான் சொல்லுவாரு.”

கடவுச்சொல்லை அவள்தான் ஒரு காலத்தில் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள், தனக்கு மறந்துபோகும் என்று. மறந்தும் போயிருந்தது. அட்டையின் மேல் மூலையில் பென்சிலில் எழுதியிருந்தார்.

கணினியைத் திறந்தாள். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திறந்து பார்த்தால் போதும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு பதிவை வெளியிட்டே விட்டிருந்தார். தலைப்பு ‘சோதனை ஓட்டம்’. உள்ளே ஒரு புள்ளி. பத்து வருஷமாக அவள் பெயரில் ஊருக்கே புள்ளி வைத்திருக்கிறார்.

“அட கடவுளே,” என்றாள் அவள்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய புள்ளியின் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: ‘மறுபடியும் காலியா? உடம்பு நல்லாத்தானே இருக்கு?’

அதற்கு அவள் பெயரிலேயே பதில்: ‘மேடம் ஓய்வில் இருக்காங்க. வண்டி நல்லா ஓடுது. எப்ப வேணா ஏறலாம். இப்படிக்கு மெக்கானிக்.’

கூட்டாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாத்தனார் எதையோ தட்டினாள். ‘என்னைப் பற்றி’ பக்கம் திறந்தது. அவள் இருபத்தாறு வயதில் எழுதியது. “மழை, புத்தகம், தனிமை பிடிக்கும்,” என்று நாத்தனார் உரக்கப் படித்தாள். “தனிமை பிடிக்குமாம்! பின்ன எதுக்கு எங்கண்ணனைக் கட்டிக்கிட்டீங்க? அந்த மனுஷன் பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாரே!”

அவள் சிரித்துவிட்டாள். நாத்தனாரும் சிரித்தாள். பிறகு அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

அந்த வரியை அழித்தாள். விரல்கள் எழுத்துகளைத் தேடின. பிறகு தாமாகப் போயின.

‘பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறேன். பத்து வருஷமாக எழுதவில்லை. இந்த இடம் மூடிப்போகாமல் ஒரு லிஃப்ட் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நேற்றுக் காலை காலமானார். நான் அவருடைய மனைவி. நன்றி என்பதை அவர் படிக்கும் இடம் இது ஒன்றுதான்.’

வெளியிட்டாள். படித்தவர்கள் பூஜ்யம் என்று காட்டியது. நாத்தனார் தன் கைபேசியை எடுத்தாள். ஒன்று ஆனது.

கூட்டாளி குனிந்து படித்தார். வெகுநேரம் படித்தார். “நாலு வார்த்தைன்னேன். கூடவே இருக்கு. இதையே படிச்சிருங்க அக்கா.”

“சரி.”

மூன்றே காலுக்குக் கிளம்பினார்கள். மற்றவர்களை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்தாள். தரையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். அட்டையின் கடைசி வரியில் இன்றைய தேதியைப் போட்டாள். ‘ஓடுது’ என்று எழுதிக் கையொப்பம் இட்டாள். இனி வரி இல்லை. “புது அட்டை ஒண்ணு வேணும்,” என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

“வண்டியில இருக்கு அக்கா, தர்றேன்,” என்றார் கூட்டாளி.

லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்ததும், ஏறுவதற்கு முன் கணவர் எப்போதும் குனிந்து பார்ப்பதுபோல் அவளும் குனிந்து பார்த்தாள். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டமாக இருந்தன. ஏறினாள்.